புற்றுநோயாளிகளுடன் பணியாற்றும் உளவியலாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் உளவியலாளராகப் பணியாற்ற விரும்பும் மாணவர்களும், இத்துறைக்குள் புதிதாக வந்தவர்களும், சில வேளைகளில் செவிலியர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. குறிப்பாக, தம்முடையதிலிருந்து வேறுபட்ட மொழி, நம்பிக்கை, குடும்ப அமைப்பு கொண்ட நோயாளியின் முன் அமரும்போது என்ன செய்வது என்ற தயக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஒரு முறை விளக்கியதைத் திரும்ப எழுதாமல் முந்தைய விடையைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

புற்றுநோய்ப் பிரிவில் உளவியலாளருக்கு அப்படி என்ன வேலை இருக்கிறது? ஆறுதல் சொல்வதுதானே?

ஆறுதல் சொல்லக் குடும்பத்தாரும் நண்பர்களும் இருக்கிறார்கள். உளவியலாளரின் வேலை அதைவிடக் குறிப்பானது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக முகத்தில் மூடி பொருத்தும்போது மூச்சுமுட்டிப் பதறுபவருக்கு அந்தச் சில நிமிடங்களைக் கடக்கப் பயிற்சி தருவது, மருத்துவமனை வாசனையைக் கீமோதெரபியோடு உடல் பிணைத்துக்கொண்டதால் அந்த வாசனை பட்டவுடனேயே வாந்தி எடுப்பவருக்கு அந்தப் பிணைப்பைத் தளர்த்துவது, மார்பகத்தையோ குரலையோ இழந்தவர் தம் உடலோடு மீண்டும் வாழப் பழக உதவுவது, சிறு குழந்தைகளிடம் நோயைப் பற்றி எப்படிச் சொல்வது என்று பெற்றோரோடு சேர்ந்து சொற்களைத் தேடுவது ஆகியவை அன்றாடப் பணிகள்.

நோய் கண்டறியப்பட்ட நாளைவிடச் சிகிச்சை முடிந்த பிறகு உடைந்துபோகிறவர்கள் பலர் என்பது வெளியில் அதிகம் தெரிவதில்லை. அதுவரை வாரந்தோறும் கவனித்துவந்த குழு திடீரென்று விலகிவிட, நோய் திரும்ப வருமோ என்ற அச்சத்தோடு நோயாளி தனியே நிற்கிறார். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முந்தைய வாரங்கள் அவருக்குக் கடினமானவை. இந்தக் கட்டத்திலும் உளவியலாளருக்கு நிறைய வேலை உண்டு.

இது எப்போது தனித் துறையாக உருவானது?

மனநல மருத்துவரான ஜிம்மி ஹாலண்ட் 1977ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் புற்றுநோயாளிகளுக்கென முழுநேர மனநலப் பிரிவைத் தொடங்கியதையே பலரும் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அவர் முன்னின்று 1984இல் பன்னாட்டுப் புற்றுநோய் உளவியல் சங்கத்தை நிறுவினார். 1992இல் துறைக்கென ஓர் ஆய்விதழும் வந்தது.

அதற்கு முன் ஏன் உருவாகவில்லை என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாத காலத்தில் அதைப் பற்றி அவரோடு பேச வழியில்லை. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் நடந்த கணக்கெடுப்பில், மருத்துவர்களில் 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினர். அதே கேள்விகளோடு 1979இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதை விரும்பினர். ஒரே நாட்டில், ஒரே தொழிலில், இருபதாண்டுகளுக்குள் நேர்ந்த மாற்றம் இது. பண்பாடு என்பது நோயாளியிடம் மட்டும் இருப்பதாகவும் மருத்துவம் அதற்கு வெளியே நிற்பதாகவும் எண்ணுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

இந்தப் பணிக்கு வர என்ன படிக்க வேண்டும்?

உளவியலில் பட்டமும், மருத்துவ உளவியலில் முதுநிலை அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் அடிப்படை. உரிமம் பெறும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கே பணியாற்றப் போகிறீர்களோ அங்குள்ள சட்டத்தை முதலாண்டிலேயே படித்துவிடுங்கள்.

இவற்றுக்கு மேல், புற்றுநோய் மருத்துவத்தின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். வாந்தியைத் தடுக்கவும் வீக்கத்தைக் குறைக்கவும் தரப்படும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உறக்கத்தைக் கெடுக்கும். எரிச்சலையும் மிகையான உற்சாகத்தையும் உண்டாக்கும். இரத்தத்தில் கால்சியம் கூடினால் குழப்பமும் சோர்வும் வரும். இவற்றை அறியாதவர் உடல் தரும் அறிகுறியை மன அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு பேச்சுவழிச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். அதற்குள் நோயாளிக்குத் தேவையான அவசரச் சிகிச்சை தாமதமாகிவிடும்.

மனநல மருத்துவர், உளவியலாளர், மருத்துவச் சமூகப் பணியாளர் மூவருக்கும் என்ன வேறுபாடு?

மருந்து தேவையா, எந்த மருந்து என்பதை மனநல மருத்துவர் தீர்மானிக்கிறார். புற்றுநோயில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். மன அழுத்தத்துக்குத் தரப்படும் பாராக்ஸெட்டின், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கக்கூடியது. உளவியலாளர் மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் நடத்துகிறார். சமூகப் பணியாளர் பயணச் செலவு, வேலை, வீட்டில் கவனிக்க ஆள் போன்ற நடைமுறைச் சிக்கல்களைக் கையாள்கிறார். மருத்துவமனைக்கு வர வண்டிக்குப் பணமில்லாதவரிடம் மூச்சுப் பயிற்சி கற்றுத்தருவது பயனற்றது என்பதால், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவதும் உளவியலாளரின் திறமைதான்.

புற்றுநோய் வந்த எல்லோருக்கும் உளவியல் சிகிச்சை தேவையா?

தேவையில்லை. அழுவதும் அஞ்சுவதும் கோபப்படுவதும் நோயல்ல. 2011இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரில் 30 முதல் 40 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு, பதற்றம், சூழலோடு பொருந்த இயலாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்படுகிறது. மிகுதிப் பேர் தம் உறவுகளின் துணையோடு தாமே நிமிர்ந்துவிடுகிறார்கள்.

யாருக்குத் தேவை என்று அறிய, பல மருத்துவமனைகள் சுழியம் முதல் பத்து வரை குறிக்கும் துயர அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. உடலின் வெப்பமானியைப் போல் வரையப்பட்ட அந்தத் தாளில் நான்கும் அதற்கு மேலும் குறிப்பவரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. எண்ணைவிட அதற்கு அருகில் உள்ள சிக்கல்களின் பட்டியலையே நான் முதலில் பார்ப்பேன். இரண்டு என்று குறித்துவிட்டுப் பட்டியலில் பாதிக்கு மேல் கோடிட்டவர்கள் உண்டு. அவர்கள் துன்பத்தைச் சொல்லிப் பழகாதவர்கள்.

நோயாளிக்கு எப்போதும் நேர்மறை எண்ணம் வேண்டும், அப்போதுதான் குணமாவார் என்கிறார்களே?

இந்தக் கருத்து நோயாளிகளுக்கு இழைக்கும் தீங்கு பெரிது. 1989இல் டேவிட் ஸ்பீகல் குழுவினர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் குழுவாகக் கூடிப் பேசியோர் கூடுதல் காலம் வாழ்ந்ததாக வெளியிட்டபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 2001இல் வெளிவந்த பெரிய ஆய்விலும், 2007இல் ஸ்பீகல் குழுவே வெளியிட்ட மறு ஆய்விலும் ஆயுள் நீட்சி பொதுவாக உறுதிப்படவில்லை. போராடும் மனநிலை உயிர் பிழைப்பதைக் கூட்டவில்லை என்று 1999இல் வந்த மற்றோர் ஆய்வும் காட்டியது. அதே ஆய்வு, ஆழ்ந்த கையறுநிலைக்கும் மோசமான விளைவுக்கும் மிதமான தொடர்பு இருப்பதைக் கண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே கையறுநிலையைக் கவனித்துச் சிகிச்சை தருவது சரி, சிரித்த முகத்தைக் கட்டாயப்படுத்துவது சரியன்று.

2001ஆம் ஆண்டின் ஆய்வில் குழுவாகப் பேசிய பெண்களுக்கு மனத்துயரும் வலியும் குறைந்தன. ஆயுள் கூடாவிட்டாலும் அதுவே போதுமான பயன் என்று நான் கருதுகிறேன். நேர்மறை எண்ணத்தின் கொடுங்கோன்மை என்று ஜிம்மி ஹாலண்ட் கண்டித்தது இதைத்தான்: நோய் முற்றும்போது, தான் சரியாக நினைக்கவில்லையோ என்ற குற்றவுணர்வும் நோயாளியின் மேல் ஏறிக்கொள்கிறது.

பண்பாட்டு உணர்வோடு பணியாற்றுவது என்றால் ஒவ்வொரு சமூகத்தின் வழக்கங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

இதுதான் நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி. இங்கே சற்று நிதானிக்க விரும்புகிறேன். இன்ன சமூகத்தார் வலியைச் சொல்ல மாட்டார்கள், இன்ன மதத்தார் இதை ஏற்க மாட்டார்கள் என்று பட்டியலிடும் கையேடுகள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. அவற்றைப் படிப்பதில் தவறில்லை. என்ன கேட்கலாம் என்பதற்கு அவை குறிப்புத் தரும். விடையாக அவற்றை எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

1995இல் அமெரிக்காவில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பரவிய புற்றுநோய் என்ற செய்தியை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று கருதியவர்கள் கொரிய அமெரிக்கரில் 47 விழுக்காடு, மெக்சிகோ வழி அமெரிக்கரில் 65 விழுக்காடு, ஐரோப்பிய வழி அமெரிக்கரில் 87 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 88 விழுக்காடு. இதைப் படித்துவிட்டுக் கொரியர்களிடம் சொல்லக் கூடாது என்று முடிவெடுப்பவர், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் விருப்பத்துக்கு எதிராக நடக்கிறார். ஐரோப்பிய வழியினர் அனைவருக்கும் சொல்லிவிடலாம் என்பவர், எட்டுக்கு ஒருவரின் விருப்பத்தைத் தள்ளுகிறார். குழுக்களுக்கிடையே வேறுபாடு இருப்பது உண்மை. எதிரே அமர்ந்திருப்பவர் எந்தப் பக்கம் என்பதை அந்த எண் சொல்லாது என்பதும் உண்மை.

மெலனி டெர்வலான், ஜான் மரே கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998இல் முன்வைத்த பண்பாட்டுப் பணிவு என்ற கருத்து இங்கே உதவும். முழுமையாகக் கற்றுத் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று சொல்லும் நிலை இதில் வராது. தன் முன்முடிவுகளைத் தொடர்ந்து ஆராய்வதும், நோயாளிக்கும் தனக்கும் இடையே உள்ள அதிகார ஏற்றத்தாழ்வை உணர்வதும், அவரது வாழ்க்கையைப் பற்றி அவரே அறிந்தவர் என்று ஏற்பதும் அதன் உள்ளடக்கம்.

சரி, மனப்பாடம் வேண்டாம். அப்படியென்றால் என்னதான் கேட்பது?

ஆர்தர் கிளைன்மன், லியோன் ஐசன்பர்க், பைரன் குட் ஆகியோர் 1978இல் எழுதிய கட்டுரையில் தந்த கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. இந்த நோய் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள், இது உங்கள் உடலில் என்ன செய்கிறது, இதில் எதற்கு மிகவும் அஞ்சுகிறீர்கள், சிகிச்சையால் என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்ற வகையில் அவை அமைந்தவை. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதே நோக்கில் 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் வடிவம் ஒன்று உள்ளது.

இவற்றோடு புற்றுநோய்க்கென நான் மூன்றைச் சேர்ப்பேன்: நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், முக்கியமான முடிவுகளில் யாரெல்லாம் உடனிருக்க வேண்டும், நாங்கள் செய்யக் கூடாதது ஏதேனும் உண்டா. முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே படிவம் நிரப்புவதுபோல் இவற்றை அடுக்கிவிடாதீர்கள். உறக்கம் எப்படி, வலி எப்படி என்று தொடங்கி, அவர் எங்கே நின்று பேசுகிறாரோ அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போங்கள். விடைகள் சில வேளை சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும். புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்று நம்பித் தன் குழந்தையைத் தொடாமலே இருக்கும் தாயிடம் மனச்சோர்வைத் தேடிக்கொண்டிருந்தால் உண்மை வெளிவராது. நோய் எதனால் வந்தது, பிறருக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அது உடனே வரும்.

“இது நான் செய்த பாவத்துக்குத் தண்டனை” என்கிறார் நோயாளி. அறிவியல்படி அது தவறு என்று சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்த நம்பிக்கை அவருக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் அறியுங்கள். சிலருக்கு அது துன்பத்துக்கு ஒரு பொருளைத் தந்து, தாங்கிக்கொள்ள வலுவூட்டுகிறது. அதைப் பறிப்பதால் எந்த நன்மையும் இல்லை. வேறு சிலருக்கு அது சிகிச்சைக்கே தகுதியற்றவன் நான் என்ற எண்ணமாக முற்றி, மருந்தைத் தவிர்க்கவும் வலியை மறைக்கவும் வைக்கிறது. இரண்டாம் நிலையில் அவரது நம்பிக்கைக்குள்ளேயே மன்னிப்பும் இரக்கமும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அவர் விரும்பினால் அவரது சமயத்தின் பெரியவர் ஒருவரை அழைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

தண்டனை என்ற எண்ணம் சமய நம்பிக்கையிலிருந்துதான் வரும் என்பதில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்தவரைப் பார்த்து எல்லோரும் முதலில் கேட்பது, புகைபிடித்தீர்களா என்பதுதான். புகைபிடித்தவர் தனக்கு இது வேண்டியதுதான் என்று ஒடுங்கிப்போகிறார். புகைபிடிக்காதவரும் தன்னை நிரூபிக்க வேண்டியவராகிறார். உடல்நலப் பிரசாரத்தின் மொழியும் ஒரு பண்பாடுதான். அதன் காயத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

“அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்” என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டால் என்ன செய்வது?

பிள்ளைகளை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் மருத்துவர்கள் எண்ணியதையே அவர்களும் அன்பினால் எண்ணுகிறார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். முன்பு குடும்பத்தில் ஒருவர் செய்தி கேட்ட சில நாட்களில் இறந்திருக்கலாம். அப்பாவுக்கு முன்பே மனச்சோர்வு இருந்திருக்கலாம். பல குடும்பங்களில் இந்த அச்சத்தை யாரேனும் கேட்டு முடித்ததும் பிடி தளர்கிறது.

அடுத்து, பொய் சொல்ல மாட்டேன் என்பதைத் தெளிவாகவும் மென்மையாகவும் அவர்களிடம் கூறுங்கள். நானாக வலிந்து செய்தியைத் திணிக்க மாட்டேன், அவர் நேரடியாகக் கேட்டால் மறைக்கவும் மாட்டேன் என்பது நேர்மையான இடைநிலை. பிறகு நோயாளியிடம் போங்கள். கடினமான செய்தி சொல்வதற்கென 2000ஆம் ஆண்டில் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆறு படி முறையில், செய்தியைச் சொல்லும் முன் நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவதும், எவ்வளவு கேட்க விரும்புகிறார் என்று அவரது இசைவைப் பெறுவதும் தனித்தனிப் படிகளாக உள்ளன. உங்கள் நோயைப் பற்றி எல்லாவற்றையும் உங்களிடமே சொல்ல வேண்டுமா, வேறு யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்ற ஒரே கேள்வி பல முடிச்சுகளை அவிழ்க்கும்.

எல்லாவற்றையும் என் மகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று அவர் தெளிந்த மனத்தோடு சொன்னால், அது அவருடைய முடிவு. தெரிந்துகொள்ளாமலிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. எனக்குத் தெரியும், பிள்ளைகள் வருந்துவார்கள் என்றுதான் கேட்கவில்லை என்பவர்களையும் நிறையப் பார்ப்பீர்கள். அப்போது இரு தரப்பையும் ஒரே அறையில் அமரவைப்பதுதான் எஞ்சியிருக்கும் வேலை. இசைவுக் கையெழுத்து தொடர்பான சட்டம் எங்கும் ஒன்றல்ல. அதை மருத்துவக் குழுவோடு சேர்ந்து முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் ஒருவரே எல்லா முடிவும் எடுக்கிறார், நோயாளி தலையாட்டுகிறார். இதை எப்படி ஏற்பது?

தன் முடிவைத் தனக்கு நெருக்கமானவரிடம் ஒப்படைப்பதும் தன்னுரிமையின் ஒரு வடிவம் என்பதை முந்தைய விடையில் சொன்னேன். ஒப்படைப்பும் அடக்குமுறையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தோன்றும் என்பதால், நோயாளியை ஒருமுறையேனும் தனியாகச் சந்திப்பதை எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் இப்படித்தான் பார்ப்போம் என்று சொன்னால் குடும்பம் புண்படாது. தனிமையில் அவரது குரலும் விருப்பமும் மாறுகின்றனவா என்று கவனியுங்கள். வலிமருந்து மறுக்கப்படுவது, சிகிச்சை நிறுத்தப்படுவது, மிரட்டல் ஆகியவை தெரிந்தால், அவற்றைக் குடும்ப வழக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மதிப்புக்குரியது நோயாளி தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட வழக்கமே.

நோயாளியின் மொழி எனக்குத் தெரியாது. உடன் வந்த மகளையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குச் சொல்லலாம். உளவியல் உரையாடலுக்குக் கூடாது. மகள் கடினமான பகுதிகளை மென்மையாக்குவார் அல்லது விட்டுவிடுவார். அம்மா மகளின் முன் சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லமாட்டார். வயது வராத பிள்ளைகளை இந்த வேலையில் ஈடுபடுத்துவது அவர்களுக்கே ஊறு.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரோடு பணியாற்றுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதான். சந்திப்புக்கு முன் அவரிடம் நோக்கத்தைச் சொல்லுங்கள். நோயாளியைப் பார்த்தே பேசுங்கள். சிறு சிறு வாக்கியங்களாகப் பேசி நிறுத்துங்கள். நேரத்தை ஏறத்தாழ இருமடங்காக ஒதுக்குங்கள். சிறிய சமூகங்களில் மொழிபெயர்ப்பாளரை நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடும் என்பதால், இவர் இருப்பதில் உங்களுக்கு உடன்பாடா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லாத வேளையில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு போதுமானது. மரணத்தைப் பற்றிய உரையாடலுக்குப் பின் மொழிபெயர்ப்பாளரோடும் சில நிமிடங்கள் பேசுங்கள்; அந்தச் சொற்களை அவர்தான் இரண்டு முறை சுமந்தார்.

வினாத்தாளை அவர்கள் மொழியில் தந்துவிட்டால் மதிப்பீடு சரியாக வந்துவிடுமா?

மொழிபெயர்ப்பு முதல் படி மட்டுமே. சிக்மண்ட், ஸ்னெய்த் இருவரும் 1983இல் உருவாக்கிய மருத்துவமனைப் பதற்ற, மனச்சோர்வு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். உடல்நோயாளிகளிடம் உறக்கமின்மை, பசியின்மை, களைப்பு ஆகியவை நோயினாலேயே வரும் என்பதால் அவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு அதை அமைத்தார்கள். அந்தக் காரணம் நியாயமானது. அதே வேளையில், துயரத்தை நெஞ்சு அடைப்பாகவும் தலைப் பாரமாகவும் உடல் எரிச்சலாகவும் மட்டுமே சொல்லப் பழகியவர், அந்தத் தாளில் தன் துயரத்துக்கு இடமே இல்லாமல் குறைந்த மதிப்பெண் பெற்றுவிடுவார்.

ஆகவே அந்த மொழியில் அளவுகோல் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, வரம்பு எண் அந்த மக்களிடையே சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும்போது, அவர் உங்களுக்குப் பிடித்த விடையைச் சொல்லும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மதிப்பெண்ணும் எதிரே இருப்பவரும் முரண்பட்டால், முன்பு சொன்ன கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் மூலிகை மருந்து எடுப்பதாக என்னிடம் மட்டும் சொன்னார். காட்டிக்கொடுக்கலாமா?

அவர் உங்களிடம் சொன்னதே உங்கள் பணியின் வெற்றி. முதலில் அது என்ன, எவ்வளவு, எதற்காக எடுக்கிறார் என்று கண்டனமின்றிக் கேளுங்கள். பிறகு, மருத்துவக் குழுவுக்குத் தெரிய வேண்டியதன் காரணத்தை விளக்கி, அவரே சொல்வதா, நாம் இருவரும் சேர்ந்து சொல்வதா என்று தேர்வை அவரிடம் விடுங்கள். மனச்சோர்வுக்கென எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெக்கான், இமாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பது எடுத்துக்காட்டு. இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது.

சிகிச்சையோடு சேர்த்து எடுப்பதும் சிகிச்சைக்குப் பதிலாக எடுப்பதும் வேறு. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், குணப்படுத்தக்கூடிய நிலையில் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களின் மரண வாய்ப்பு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்காக இருந்தது. இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். ஆனால் சொல்லாமலும் இருந்துவிடாதீர்கள்.

உடலுறவு, உடல் தோற்றம் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அவர்களே பேசட்டும் என்று விடலாமா?

விட்டால் பெரும்பாலோர் பேசவே மாட்டார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் கணவன் மனைவி நெருக்கத்தில் மாற்றம் வருவது பலருக்கும் உண்டு, அதைப் பற்றிப் பேச விரும்பினால் பேசலாம் என்று அனுமதி தந்துவிட்டு நிறுத்துங்கள். அன்றே பேச வேண்டியதில்லை. கதவு திறந்திருப்பது தெரிந்தால் போதும். ஆணோ பெண்ணோ யாரிடம் பேச விரும்புகிறார் என்றும் கேளுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது: கருமுட்டை, விந்தணு பாதுகாப்பு பற்றிய பேச்சு கீமோதெரபி தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். திருமணமாகாதவர், அதனால் கேட்க வேண்டாம் என்று நாமே முடிவு செய்து ஒருவரின் வாய்ப்பை மூடிவிடக் கூடாது.

நோயாளி என் சமூகத்தைச் சேர்ந்தவர், என் மொழியே பேசுகிறார். அப்படியானால் எனக்கு எளிதுதானே?

தொடக்கம் எளிதாக இருக்கும். அதன் பிறகு ஆபத்து கூடும். தெரிந்ததுதானே என்று கேட்காமல் விடும் கேள்விகள் இங்குதான் மிகுதி. உங்களுக்குத் தெரியாததா என்று அவர் பாதியில் நிறுத்தும்போது, எனக்குத் தெரிந்ததும் நீங்கள் எண்ணுவதும் வேறாக இருக்கலாம், முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்கப் பழகுங்கள். கல்வி, பொருளாதார நிலை, தலைமுறை, பாலினம் ஆகியவை ஒரே சமூகத்துக்குள் உண்டாக்கும் தொலைவு பெரிது. பேச்சு வெளியே போய்விடுமோ என்ற அச்சமும் அவருக்கு இருக்கலாம்; இரகசியம் காப்பதன் எல்லைகளை வழக்கத்தைவிட விரிவாகச் சொல்லுங்கள். வெளியார் ஒருவரிடம் பேசவே அவர் விரும்பினால், அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

மரணத்தைப் பற்றிப் பேசினாலே அது வந்துவிடும் என்று நம்புகிறவரிடம் இறுதிக்கால உரையாடலை எப்படித் தொடங்குவது?

மரணம் என்ற சொல் இல்லாமலேயே அந்த உரையாடலின் பெரும்பகுதியை நடத்தலாம். உங்களைப் பற்றி உங்கள் பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும், உங்கள் வாழ்வில் நிறைவு தந்தது எது, அவர்களுக்குச் சொல்ல விரும்புவது என்ன என்று கேட்பது வாழ்க்கையைப் பற்றிய பேச்சுதான். கனடாவின் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கி 2005இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட கண்ணியச் சிகிச்சை இவ்வகையானது. நோயாளி சொல்வதைப் பதிவுசெய்து, எழுத்தாக்கித் திருத்தி, அவர் விரும்பியவருக்குத் தரும் ஆவணமாக அது முடிகிறது. வாழ்வின் பொருளை மையமாகக் கொண்டு வில்லியம் பிரைட்பார்ட் அமைத்த சிகிச்சையும் உண்டு. தன்னைப் பற்றிப் பேசுவதைத் தற்பெருமையாகக் கருதுபவருக்கு, தன் பெற்றோரைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ பேசும்படி இவற்றை மாற்றியமைக்கலாம்.

எங்கே இருக்க விரும்புகிறார், யார் அருகில் வேண்டும், எவ்வளவு தூரம் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற முடிவுகளைத் தவிர்க்க முடியாதபோது, ஒருவேளை உடல்நிலை நாம் எதிர்பார்ப்பதுபோல் தேறாவிட்டால் என்று ஐயநிலையில் கேளுங்கள். அதையும் அவர் விரும்பாவிட்டால், தன் சார்பில் பேச அவர் யாரைத் தேர்கிறார் என்பதையாவது கேட்டுவிட வேண்டும்.

இப்படியே நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால் நம் மனம் தேய்ந்துவிடாதா?

தேயும். தனியாகப் பணியாற்றுபவருக்கு விரைவாகத் தேயும். தொடர் மேற்பார்வை, கடினமான நோயாளிகளைப் பற்றி வாரம் ஒருமுறையாவது குழுவாகப் பேசும் நேரம், இறந்த நோயாளிகளை நினைக்கச் சில நிமிடங்கள், ஒரு நாளில் பார்க்கும் எண்ணிக்கைக்கு வரம்பு ஆகிய நான்கும் பணியின் பகுதிகள். வேலையில் சேரும்போதே மேற்பார்வைக்கு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வெளியில் ஒருவரைத் தேடிக்கொள்ளும் வரை சேராதீர்கள் என்றே நான் சொல்வேன்.

இத்தனையும் கேட்டறிந்த பிறகு, மருத்துவக் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

நோயாளி சொன்னதை அவர் சொன்னபடி எழுதுங்கள். “இன்ன சமூகத்தவர், வலியைப் பொறுத்துக்கொள்வார்” என்று எழுதினால், அடுத்த பணிமுறையில் வரும் செவிலியர் வலியைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிடக்கூடும். “வலி இருக்கிறதா என்றால் இல்லை என்கிறார், உறங்க முடிகிறதா என்றால் இரவு முழுதும் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார், உறக்கத்தைக் கேட்டு வலியை மதிப்பிடவும்” என்று எழுதினால் அன்றிரவே அவருக்கு மருந்து கிடைக்கும்.

எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது, எந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றார் ஆகியவற்றைத் தேதியோடு முதல் பக்கத்திலேயே குறியுங்கள். குடும்பத்தின் பூசல், நம்பிக்கை பற்றிய அந்தரங்கம் போன்றவை சிகிச்சைக்குத் தேவையில்லையெனில் பொதுக் குறிப்பில் இடம்பெற வேண்டாம். தேதி முக்கியம், நோய் கண்டறிந்த மாதத்தில் எதையும் தெரிந்துகொள்ள விரும்பாதவர், நோய் திரும்பிய பிறகு எல்லாவற்றையும் கேட்பார். ஆகவே ஸ்கேன் முடிவு வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியை அவரிடமே மீண்டும் கேட்டுத் திருத்துங்கள்.